மாமியார் வந்திருந்த குளிரில் ஒழுகிய வால்வு

உலகத்தின் தென்கோடித் தீவில் இருக்கும் ரியோ கிராண்டேயில் காற்று நின்றுபோனால்தான் ஜனங்கள் ஜன்னல் வழியே என்ன சங்கதி என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்த ஊரிலேயே பிறந்து, தலையைக் குனிந்து தோளை முன்னே விட்டு அந்தக் காற்றில் நடக்கப் பழகியவள் ஒடிலியா பாரியா. அவளுடைய அப்பா ஆட்டு ரோமம் கத்தரிக்க சிலேயிலிருந்து எல்லை தாண்டி வந்தவர். ஒரு பருவத்துக்கு என்று வந்தவர் திரும்பிப் போகவே இல்லை.

ஒடிலியாவுக்கு டெலிவிஷன் தொழிற்சாலையில் வேலை. பூட்டி முடித்த பெட்டிகளை ஒரு சூடான அறையில் வரிசையாக ஓடவிடுவார்கள். எது தாங்குகிறது, எது சொதப்புகிறது என்று பார்த்து, தேறாத பெட்டியின் முதுகில் சிவப்புக் காகிதம் ஒட்டுவது அவள் பொறுப்பு. ஒருமுறை, உலகக் கோப்பைப் பந்தாட்டம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம், லாரிகள் எஞ்சினை அணைக்காமல் வாசலில் காத்துக்கொண்டிருந்தபோது, ஒரு லாட் முழுவதையும் நிறுத்திவிட்டாள். கருகல் வாடை அடிக்கிறது என்றாள். மானேஜர் குனிந்து முகர்ந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உனக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு, ஒடிலியா."

"ஜலதோஷம் பிடிச்சா வாடையே தெரியாதே சார்."

பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒயரின் உறை உருகியிருந்தது. யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அடுத்த மாதமே விடியற்காலை ஷிப்டுக்குத் தூக்கிப் போட்டார்கள். அவளும் முணுமுணுக்காமல் போனாள். எழுந்திருக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அவள் புருஷன் ஃபெர்மின் அதே நாட்டின் வடகோடியில் உள்ள ஃபோர்மோசாக்காரன். வெயிலில் கோழி சுருண்டு விழுகிற சீமை அது. வேலை தேடித் தெற்கே வந்தவனுக்கு நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்தது. "குளிரை வெறுக்கிறவன் கையிலதான் பனியைக் கொடுக்கணும், ஒட்ட வழிச்செடுப்பான்" என்று சிரிப்பான். நல்ல மனுஷன். ஆனால் வீட்டில் எது கெட்டாலும், அது தானாகச் சரியாகிவிடும் என்று பலமாக நம்புகிறவன்.

அங்கே நடுக்குளிர்காலமான அந்த ஜூலையில் அவனுடைய அம்மா தெயோலிந்தா ஃபோர்மோசாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினாள். மகன் வீட்டுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. ஆயுசில் பனியைப் பார்த்திராதவள். விமான நிலையத்து வாசலில் முதல் காற்று முகத்தில் அறைந்ததுமே, "டேய், இங்கயா குடித்தனம் நடத்துற? உனக்கு அப்படி என்னடா குறை வெச்சேன் நான்?" என்று கேட்டாள். கார்டோபாவில் படித்துக்கொண்டிருந்த பேத்தியின் அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அவளோ அந்த அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்மீது போர்வையை மடித்துப் போட்டு, நாற்காலியை ஒட்டி இழுத்து, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவள், சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தாள். இரண்டு கம்பளிச் சட்டை, மகனுடைய கோட்டு, தலையில் துண்டு. அந்தக் கோலத்திலும் ஊர்ப் பழக்கம் விடவில்லை. ஐஸ் போட்ட தெரெரே மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "என்ன குளிரு, என்ன குளிரு" என்பாள்.

"அத்தை, அந்த ஐஸையாவது விடுங்களேன். அதே இலையில சூடா மாத்தே போட்டுத் தரேன்" என்றாள் ஒடிலியா.

"உள்ள ஐஸ் போனாத்தான் வெளிய இருக்கிற குளிரு கம்மியாத் தெரியும். உனக்கு என்ன தெரியும், நீ பெங்குவின் வம்சம்."

அந்த வீட்டின் உயிர் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் சந்தில் இருந்தது. சுவரில் தொங்கும் கேஸ் பாய்லர். அது தண்ணீரைச் சுட வைத்துக் குழாய்கள் வழியே ஒவ்வொரு அறையின் ரேடியேட்டருக்கும் அனுப்பும், ஆறிய தண்ணீர் திரும்பி வரும், மறுபடி சுடும். ஒரே தண்ணீர்தான், வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே விடுவதற்காக, பாய்லரின் அடியில் சிவப்புக் குமிழ் வைத்த ஒரு வால்வு இருந்தது. தெயோலிந்தா வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அந்த வால்வு ஒழுக ஆரம்பித்தது.

ஃபெர்மின் அடியில் ஒரு பழைய சட்டியை வைத்தான். "சொட்டுதானே. சொட்டட்டும்."

"சொட்டுற தண்ணி எங்கிருந்தோ குறையுதுல்ல? பிரஷர் முள்ளு கீழ இறங்கினா நீதான் குழாயைத் திறந்து திரும்ப நிரப்புற. புதுத் தண்ணி போகப் போக உள்ள துருப் பிடிக்கும்."

"நீ தொழிற்சாலையை வீட்டுக்குத் தூக்கிட்டு வராதம்மா."

ஒடிலியா கடைக்குப் போய்ப் புது வால்வு வாங்கி வந்தாள். வால்வு தேய்ந்துவிட்டது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மாட்டிக் கொடுத்தவன் நிக்கானோர், ஃபெர்மினின் தம்பி. பழைய கார்களைப் பிரித்துப் பாகம் விற்கிறவன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த காரணத்தால் உலகத்தில் உள்ள எல்லா இயந்திரமும் தனக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று நினைப்பவன். புது வால்வு அன்று ஒழுகவில்லை. அடுத்த நாள் ரேடியேட்டர்கள் நன்றாகச் சூடேறிய நேரத்தில் சட்டியில் டொக் என்று ஒரு சொட்டு விழுந்தது.

நிக்கானோர் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணி, ஒரு பாவமும் அறியாத வால்வைக் கழட்டிக் குப்பையில போட வெச்சிட்டீங்களே! அதுக்கும் சிவப்புக் காகிதம் ஒட்டியாச்சா?"

"என் கணக்கு தப்புதான்" என்று ஒத்துக்கொண்டாள் ஒடிலியா. "வால்வு மேல தப்பில்லைன்னா, வேற எதுலயோ இருக்கு. எதுலன்னு பார்க்கணும்."

"பார்த்துக்கிட்டே இருங்க. அம்மா, உன் மருமக பார்க்கப் போறாளாம். நீ ரேடியேட்டரைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

இரண்டு நாள் கழித்து, மதியம் ஷிப்டு முடிந்து வந்த ஒடிலியா, பூட்ஸைக் கழற்றிவிட்டு வழக்கம்போல் சந்துக்குள் போய்ப் பார்த்தாள். சட்டி உலர்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. சமையலறையில் நிக்கானோர் கால்மேல் கால் போட்டுத் தெயோலிந்தா சுட்ட சிப்பா ரொட்டியை விழுங்கிக்கொண்டிருந்தான். கிழங்கு மாவும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த வாசனை வீடெங்கும் பரவியிருந்தது.

"என்ன பண்ணின?" என்று கேட்டாள்.

"வைத்தியம். ஒரு மூடி, கொஞ்சம் டேப்பு. அவ்வளவுதான் அண்ணி, இதுக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டம்!"

ஒடிலியா மறுபடி சந்துக்குள் போய்க் குனிந்து பார்த்தாள். வால்விலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயில் ஒரு பித்தளை மூடி இறுக்கப்பட்டிருந்தது. அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, வட்டத்தின் கடைசி மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. குளியலறைப் பக்கமிருந்து உஸ் என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், ரேடியேட்டரும் குழாயும் சேருமிடத்தில் தண்ணீர் நூல் போலப் பீச்சிக்கொண்டிருந்தது. அந்த ரேடியேட்டருக்கு ஒரு சுவர் தள்ளித்தான் தெயோலிந்தா முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஒடிலியா நேராக வந்து பாய்லரை அணைத்தாள். அதற்கு மட்டும் போகும் கேஸ் குழாயைத் திருகி மூடினாள். அப்புறம் அந்தக் குழாயின் கைப்பிடியையே கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அத்தை, எழுந்து சமையலறைக்கு வாங்க. அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"இந்த வால்வு உள்ள அழுத்தம் ஏறிட்டா நம்மளைக் காப்பாத்தறதுக்கு வெச்சது. உங்க பையன் அதோட வாயை அடைச்சிட்டான்."

நிக்கானோர் எழுந்து நின்றான். "அண்ணி, ரொம்பப் பெருசு பண்றீங்க. வெடிக்கவா போகுது? என் பட்டறையில எத்தனை ஓட்டை அடைச்சிருக்கேன் தெரியுமா?"

"அது ஓட்டை இல்ல, தம்பி. அது கதவு."

சாயங்காலம் ஃபெர்மின் வந்தபோது வீடு பாதி ஆறியிருந்தது. அம்மா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், இருவருமாகச் சேர்ந்து முறையிட்டார்கள். அவன் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினான்.

"ஒடிலியா, வெளிய எப்படி அடிக்குதுன்னு பாரு. இப்பதான் கடலோர ரோட்டைச் சுரண்டிட்டு வரேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. கைப்பிடியைக் கொடு. சின்னதா எரிய விடுவோம்."

"மாட்டேன்."

"நான் சொன்னாக்கூடவா?"

"நீ யாருக்காகக் கேக்குறியோ அவங்களுக்காகத்தான் மாட்டேங்கிறேன். கோவிச்சுக்கோ, பரவாயில்ல."

ஃபெர்மின் கோபித்துக்கொண்டான். நிக்கானோர் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனான். தண்ணீர் நன்றாக ஆறிய பிறகு ஒடிலியா ஸ்பேனரை எடுத்து அந்த மூடியைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். எல்லாரும் சமையலறையில் மெத்தையைப் போட்டார்கள். ஒரு சின்ன மின்சார ஹீட்டர் இருந்தது. அதன் முகத்தை மாமியார் பக்கம் திருப்பி வைத்தாள். தெயோலிந்தா போர்வைக்குள்ளிருந்து ஓயாமல் பேசினாள். அடுத்த விமானத்திலேயே போய்விடுவதாகச் சொன்னாள். ஃபோர்மோசாவில் யார் யாரெல்லாம் ஃபெர்மினைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள் என்று பேர் பேராகச் சொன்னாள். ஒடிலியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சட்டைப் பையிலிருந்த கைப்பிடியை மட்டும் அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தான் சொல்வது சரி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கோளாறு எங்கே என்று இன்னும் தெரியவில்லை. அதுதான் அவளை அரித்தது.

மறுநாள் அவளுக்கு விடுப்பு. பொழுது நன்றாகப் புலர்ந்ததும் ஃபெர்மினைக் கூப்பிட்டாள்.

"ஒரு தடவை எரிய விட்டுப் பார்க்கப் போறேன், மூடி இல்லாம. நீ முள்ளையே பாரு. நகர நகரச் சொல்லு. சிவப்பைத் தொட்டா அணைச்சிடுவேன்."

ஃபெர்மின் இன்னும் உம்மென்றுதான் இருந்தான். ஆனாலும் மண்டியிட்டு உட்கார்ந்தான். பாய்லர் பற்றிக்கொண்டது.

"கீழயே நிக்குது… கிளம்பிடுச்சு… ஏறுது." கொஞ்ச நேரத்தில் அவன் குரல் மாறியது. "ஏய், என்ன இது, ஓடுது! ரேடியேட்டர் இன்னும் வெதுவெதுப்பாக்கூட ஆகலையே. அம்மாவோட பிரஷர் மாதிரி ஏறுதே!"

"என் பிரஷரை ஏண்டா இழுக்கிற?" என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

முள் சிவப்பைத் தொட்டதும் வால்வு சொட்டியது. அணைத்தாள். ஆற ஆற முள் விழுந்தது, விழுந்துகொண்டே போய்ப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுத்தது. ஒடிலியா குந்தியபடியே யோசித்தாள். சூடான தண்ணீர் உப்பும். உப்பின தண்ணீருக்கு இடம் வேண்டும். அந்த இடம் எங்கே?

இந்தக் கேள்வியோடுதான் கேஸ் மெக்கானிக் பாபிச்சுக்கு போன் போட்டாள். ஊர் முழுவதும் குழாய் உறைந்து வெடித்துக்கொண்டிருந்த வாரம் அது. வேறெந்த வீட்டிலோ தரைக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் அவர் பேசினார்.

"ஆறினா கீழ, சூடானா மேல, அப்படித்தானே? பார்த்துச் சொன்னியே, சந்தோஷம். எல்லாரும் 'ஒழுகுது அண்ணே'ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. பாய்லருக்குப் பின்னால சிவப்பா, தட்டையா, பணியாரம் மாதிரி ஒரு டப்பா இருக்கும். தெரியுதா?"

"தெரியுது அண்ணே."

"அதுக்குள்ள நடுவுல ஒரு ரப்பர். ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் காத்து. தண்ணி உப்புறப்போ காத்து நசுங்கி இடம் கொடுக்கும். சைக்கிள் டியூபுல இருக்கிற மாதிரி ஒரு ஊசி இருக்கும் பாரு. அதை அமுக்கு. காத்து வருதா, தண்ணி வருதா?"

ஒடிலியா கரண்டிக் காம்பால் அமுக்கினாள். கறுப்புத் தண்ணீர் சர்ரென்று அவள் முகத்திலேயே அடித்தது.

"தண்ணி!" என்றாள். துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அந்தக் குளிரிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப ரப்பர் கிழிஞ்சுபோச்சு. டப்பா மாத்தணும். நாளைக்கு மத்தியானம் வரேன். அதுவரைக்கும் எரிய விடாதே."

இன்னும் ஒரு நாள். தெயோலிந்தா இதைக் கேட்டதும் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். உட்கார்ந்திருந்தால் உறைந்துபோவேன் என்று சொல்லி மாவைப் பிசைய ஆரம்பித்தாள். அன்று முழுக்க அடுப்பு அணையவில்லை, சிப்பா தட்டுத் தட்டாக வந்துகொண்டே இருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போயிற்று. ஃபெர்மின் தன் வண்டியில் வேலைசெய்கிறவர்களுக்குப் பை நிறைய எடுத்துப் போனான்.

சொன்னபடி பாபிச் வந்தார். குட்டையான, தோள் அகன்ற ஆள். வண்டியிலிருந்து ஒரு டப்பாவைத் தூக்கி வந்து தரையில் வைத்தார்.

"ஊசியை அமுக்கிக் காட்டுங்க அண்ணே" என்றாள் ஒடிலியா.

"ஏம்மா, புதுசும்மா."

"புதுசாவே இருக்கட்டும். அமுக்குங்க."

பாபிச் அலுத்துக்கொண்டே அமுக்கினார். காற்றுகூட வரவில்லை. பம்பை மாட்டிக் காற்றடித்தார். டப்பாவின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவியபோது நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது.

"வண்டியில ஆடி ஆடி இடிபட்டிருக்கும்" என்று தலையைச் சொறிந்தார். "நீ என்ன இன்ஸ்பெக்டரா?"

"ஆமா."

ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அதானே பார்த்தேன். சரி, கடைக்குப் போயிட்டு வரேன்."

கடையில் அந்த அளவு இல்லை. நீரிணையைக் கடக்கும் படகு காற்றினால் ஓடவில்லை, லாரிகள் அக்கரையில் நிற்கின்றன என்றார்களாம். இருந்தது இதைவிடப் பெரிய டப்பா ஒன்றுதான். அது பாய்லருக்குப் பின்னால் அடங்காது. சுவரில் இரும்புச் சட்டம் அடித்துத் தனியாகத்தான் தொங்கவிட வேண்டும். பாபிச் துளை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நிக்கானோர் வந்து சேர்ந்தான். அம்மாவைப் பார்க்க வந்ததாகச் சொன்னான். சந்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கனமான டப்பாவை ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் முடுக்க வேண்டியிருந்தது.

"தம்பி, சும்மாதானே நிக்கிற, இதைப் பிடி" என்றார் பாபிச்.

நிக்கானோர் பிடித்தான். கைகளை உயர்த்தி, சுவரில் கன்னம் பதிய, அசையாமல் நின்றான். அப்போதுதான் பாபிச்சின் கண் அலமாரியிலிருந்த பித்தளை மூடிமீது விழுந்தது. எடுத்துப் பார்த்தார். வால்வின் வாயில் ஒட்டியிருந்த டேப்பையும் பார்த்தார்.

"இதைப் போட்டது யாரு?"

டப்பாவைப் பிடித்திருந்த நிக்கானோரின் காது சிவந்தது.

"வீட்டுல போட்டுட்டோம் அண்ணே. தெரியாமப் போச்சு" என்றாள் ஒடிலியா.

"என்ன, போட்டுட்டோமா?" சமையலறையிலிருந்து தெயோலிந்தா தலையை நீட்டினாள். "இவன்தான் போட்டான்! இதோ, கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறானே, இவன்தான்! நான் பெத்தது!"

பாபிச் சிரிக்கவில்லை. "ஒரு பண்ணை வீட்டுல இப்படி அடைச்சு வெச்சிருந்தாங்க. சூட்டை நிறுத்துற கருவியும் அதே வாரம் மக்கர் பண்ணிடுச்சு. பாய்லர் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயி ஆட்டுப்பட்டியில விழுந்துச்சு. வீட்டுல ஆள் இல்லாததால தப்பிச்சாங்க." மூடியை நிக்கானோரின் சட்டைப் பையிலேயே போட்டார். "பிடிச்சுக்கோ, ஆட்டாதே. இன்னும் ரெண்டு மரை பாக்கி."

அவர் வால்வைக் கழற்றி, அதன் வாயில் சிக்கியிருந்த துருத் துணுக்கை எடுத்துக் காட்டினார். இதுவும் நன்றாக மூடாது என்று சொல்லி வேறு புது வால்வு மாட்டினார். குளியலறை இணைப்பையும் பிரித்துப் புது வளையம் போட்டார். தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு ரேடியேட்டரிலும் காற்றை வெளியேற்றினார். ஒடிலியா பையிலிருந்து கைப்பிடியை எடுத்துக் கொடுத்தாள்.

இந்தத் தடவை முள்ளைப் பார்க்க, வேலை முடிந்து வந்துவிட்ட ஃபெர்மினையும் சேர்த்து, நான்கு பேர் குனிந்தார்கள். முள் மெதுவாகக் கொஞ்சம் ஏறியது. நின்றது. ரேடியேட்டரில் கை வைக்க முடியாத அளவு சூடேறிய பிறகும் அங்கேயே நின்றது. சட்டி காய்ந்து கிடந்தது. ஒடிலியா ரேடியேட்டரை ஒட்டித் தரையில் உட்கார்ந்து அதற்கு முதுகைக் காட்டினாள். ஃபெர்மின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கோவிச்சுக்கிட்டேன்ல" என்றான்.

"ஆமா."

"திட்டேன் என்னை."

"அப்புறமாத் திட்டுறேன். இப்ப முதுகு சுடச் சுட நல்லா இருக்கு. பேசாம உக்காரு."

தெயோலிந்தா அந்த வாரம் போகவில்லை, அடுத்த மாதமும் போகவில்லை. கோட்டு கழன்றது, பிறகு ஒரு கம்பளிச் சட்டை, பிறகு இன்னொன்று. ஒருநாள் ஃபோர்மோசாவிலிருந்த தங்கையோடு போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள்: "என்னை ரெண்டு நாள் ஐஸ்பெட்டியில போட்டு வெச்சாடி இந்த மருமக! புருஷன் கெஞ்சினான், நான் சபிச்சேன். அசையலையே அவ. கல்லுடி, கல்லு. நல்ல கல்லு." ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒடிலியா பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடியே அதைக் கேட்டாள். கேட்காதது போலக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

நிக்கானோர் கொஞ்ச நாள் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறித் துண்டோடு வந்தான். கறியை மேஜையில் வைத்துவிட்டு, நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, எங்க வீட்டு பாய்லர்லயும் முள்ளு ஏறி இறங்குற மாதிரி தெரியுது. ஒரு தடவ வந்து பார்க்கிறீங்களா?"

"நீ எதையும் அடைக்கலையே?"

"ஐயோ, தொடவே இல்ல அண்ணி. சத்தியமா."

ஒடிலியா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். வெளியே காற்று ஊளையிட்டது. இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, தோளை முன்னே விட்டு, தெருவில் இறங்கி நடந்தார்கள்.